பூட்டிக்கொண்ட ஃபிலிம் கேமரா: அறிகுறி பார்த்துப் பழுது நீக்குவது

அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த பென்டாக்ஸோ யாஷிகாவோ கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுத்துப் பார்ப்பது. நகரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பலமாக இழுப்பது. கேமரா உண்மையில் கெடுவது அந்த இரண்டாவது இழுப்பில்தான். முட்டி நிற்கிற கேமராவில் பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. ஒரு பாதுகாப்புப் பூட்டு விழுந்திருக்கும், பேட்டரி செத்திருக்கும், ஃபோம் உருகி ஒட்டியிருக்கும், அல்லது பழைய கிரீஸ் இறுகியிருக்கும். இந்த நான்கையும் வீட்டு மேசையிலேயே சரிசெய்யலாம். முறிந்த பல்சக்கரத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது.

மொரீஷியஸில் ஃபோமும் கிரீஸும் சீக்கிரமே கைவிடும். கியூர்பிப், வாக்வா மேட்டுநிலத்தில் துணியே காயாமல் கிடக்கும் மாதங்கள் உண்டு. கிராண்ட் பே, ஃபிளிக் அன் ஃப்ளாக் பக்கம் போனால் உப்புக் காற்றும் மணலும். மேட்டு வீட்டில் கிடந்த கேமரா என்றால் முதலில் ஃபோமையும் பூஞ்சையையும் சந்தேகப்படுங்கள். கடலோரத்தில் கிடந்தது என்றால் மணலையும் பச்சை பூத்த பேட்டரி முனையையும் பாருங்கள்.

ஒரே ஒரு தடை: உள்ளேயே ஃபிளாஷ் வைத்த சின்ன ஆட்டோமேட்டிக் கேமராக்களைத் திறக்க வேண்டாம். ஃபிளாஷ் கண்டென்சரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும். கீழே சொல்வதெல்லாம் ஃபிலிமைக் கையால் சுற்றிச் சுடும் கேமராக்களுக்கு.

பட்டன் அழுந்தவில்லை, ஆனால் கேமராவில் கோளாறே இல்லை

திருப்புளியைத் தேடுவதற்கு முன் இந்தப் பகுதியை முடித்துவிடுங்கள். பழுது என்று கொண்டுவரப்படும் கேமராக்கள் நிறைய இங்கேயே நின்றுவிடும்.

நிக்கான் எஃப்எம்-இல் லீவரை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்தால் ஷட்டர் பட்டன் பூட்டிக்கொள்ளும். லீவரை ஒரு விரல் அளவு வெளியே இழுத்து வைத்தாலே சுடும். கேனன் ஏஇ-1-இல் லீவரடியில் உள்ள சுவிட்ச் ‘எல்’ என்ற எழுத்தில் இருந்தால் பூட்டு. ஒலிம்பஸ் ஓஎம்-1-இல் கண்ணாடியை மேலே நிறுத்திவைக்கும் சின்னத் திருகு லென்ஸ் மவுண்டின் பக்கத்தில் இருக்கிறது. பையில் உரசி அது திரும்பிவிட்டால் வியூஃபைண்டர் கறுத்துப்போகும், கண்ணாடி சிக்கிவிட்டது என்று பயந்துவிடுவோம். ரோலை 35-இல் லென்ஸை முழுக்க வெளியே இழுத்துத் திருகிப் பூட்டாத வரை சுடாது. லென்ஸை உள்ளே தள்ளவும் முதலில் லீவரை இழுத்திருக்க வேண்டும். அப்படி இழுக்காமல் அழுத்தியவர்கள் லென்ஸ் குழாயைக் கீறியிருக்கிறார்கள்.

ஒலிம்பஸ் ட்ரிப் 35 சுடாமல் வியூஃபைண்டரில் சிவப்பு நாக்கு எழும்பினால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். இது நல்ல சோதனையும்கூட. தானியங்கி நிலையான ‘ஏ’-வில் வைத்து லென்ஸைக் கையால் பொத்தி அழுத்துங்கள். அப்போது சிவப்பு நாக்கு வந்து பட்டன் பூட்டி, வெயிலில் நாக்கு வராமல் சுட்டால் லைட் மீட்டர் உயிரோடு இருக்கிறது. வெயிலில் நிறுத்தியும் சிவப்பே வந்தால் வெளிச்சத்தை அளக்கும் செலினியம் தகடு செத்திருக்கிறது, அல்லது மீட்டர் முள் ஒட்டியிருக்கிறது. லென்ஸ் வளையத்தை ‘ஏ’-விலிருந்து 2.8-க்குத் திருப்பினால் 1/40 நொடியில் சுடும். ஷட்டர் நலமா என்று அதிலேயே தெரிந்துவிடும். கேனனெட் கியூஎல்17-உம் ‘ஏ’-வில் வெளிச்சம் வரம்பு தாண்டினால் பூட்டும். ‘ஏ’-வை விட்டு வெளியே வந்தால் பேட்டரி இல்லாமலும் சுடும்.

கோடாக் ரெட்டினாவின் கவுண்டர் பின்னோக்கி எண்ணும். கடைசிக்கு வந்ததும் லீவரைப் பூட்டிவிடும். கவுண்டரை மறுபடி 36 பக்கம் கொண்டுபோனால் லீவர் விடும். ஃபிலிம் இல்லாத ரெட்டினாவில் லீவர் ஷட்டரை ஏற்றாது, அதாவது சுடத் தயாராக்காது, ஏனென்றால் ஏற்றுவது ஃபிலிம் சுழற்றும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட். பின்கதவைத் திறந்து ஸ்ப்ராக்கெட்டை விரலால் சுற்றிப் பாருங்கள். அக்ஃபா ஐசொலெட் மாதிரி மடக்குக் கேமராக்களில் ஒரே படத்தில் இரண்டு முறை சுடாமல் தடுக்கும் பூட்டு உண்டு. ஃபிலிம் ஓடினால்தான் அது விலகும். காலிக் கேமராவை வாங்கி, சுடவில்லை என்று குறை சொல்வது இதனால்தான்.

லீவர் பாதியில் நிற்கிறது, உள்ளே ஃபிலிம் இருக்கிறது

கவுண்டர் 36-ஐயோ 24-ஐயோ நெருங்கியிருந்தால் ரோல் முடிந்துவிட்டது. காவடி நாளிலோ கல்யாண வீட்டிலோ இன்னும் ஒரு படம் வருமா என்று இழுத்துப் பார்ப்பவர்கள் செய்வது இரண்டில் ஒன்று: ஸ்ப்ராக்கெட் ஓட்டைகளைக் கிழிப்பது, அல்லது ஃபிலிமைக் கேசட்டிலிருந்து பிய்த்தெடுப்பது.

அடித்தட்டில் உள்ள ரீவைண்ட் பட்டனை அழுத்துங்கள். ரீவைண்ட் கைப்பிடியை அரைச்சுற்று திருப்பி ஃபிலிமின் இழுவிசையைத் தளர்த்துங்கள். இப்போது லீவர் மீதித் தூரத்தை முடித்துத் தானாகத் திரும்பும். பிறகு வழக்கம்போல ரீவைண்ட் செய்யலாம். கைப்பிடியில் கொஞ்சமும் கனம் தெரியாமல் சுற்றினால் ஃபிலிம் கேசட்டை விட்டுப் பிய்ந்திருக்கிறது. வெளிச்சத்தில் திறந்தால் எடுத்த படம் அத்தனையும் போகும். ஜன்னல் இல்லாத அறையில் இரவில், விளக்கில்லாமல், கதவடியில் துணி அடைத்துத் திறங்கள். ஃபிலிமை விளிம்பைப் பிடித்தபடி சுருட்டி, கறுப்பு ஃபிலிம் டப்பாவில் போட்டு, டப்பாவை அலுமினியத் தாளால் இரண்டு சுற்று சுற்றுங்கள். ‘உள்ளே கேசட் இல்லை, இருட்டில் மட்டும் திறக்கவும்’ என்று எழுதி ஒட்டாமல் லேபுக்குக் கொடுக்காதீர்கள்.

ரோலின் நடுவிலேயே நின்றால், ரீவைண்ட் செய்து ஃபிலிமை வெளியே எடுத்துவிட்டு ஸ்ப்ராக்கெட் பற்களுக்கிடையிலும் எடுப்பு ஸ்பூலின் இடுக்கிலும் பாருங்கள். கிழிந்த ஃபிலிம் துணுக்கு ஒன்று இருக்கும். பிளாஸ்டிக் முள்வாங்கியால் எடுங்கள். மணல் இருந்தால் கேமராவைக் குப்புறப் பிடித்துக் காற்றுப் பம்பால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் மணல் கிரீஸோடு சேர்ந்துகொள்ளும்.

லீவர் முழுக்க இழுபட்டது, பட்டன் அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை

இங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இந்தக் கேமராவின் ஷட்டர் பேட்டரியால் ஓடுகிறதா? பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம், ஓஎம்-1, மினோல்டா எஸ்ஆர்டி-101 இவற்றில் பேட்டரி மீட்டருக்கு மட்டும். பேட்டரியே இல்லாமலும் இவை சுட வேண்டும். கேனன் ஏஇ-1, மினோல்டா எக்ஸ்-700 இவை பேட்டரி இல்லாமல் அசையாது.

ஏஇ-1-க்குத் தேவை 4எல்ஆர்44 எனும் 6 வோல்ட் பேட்டரி. புதிதாக வாங்கியது என்று நம்ப வேண்டாம், மல்ட்டிமீட்டரில் பாருங்கள். பேட்டரி அறையில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் பென்சில் ரப்பரால் தகட்டைத் தேயுங்கள்.

எக்ஸ்-700-இல் புதுப் பேட்டரி போட்டும், வியூஃபைண்டரில் விளக்குகள் எரிந்தும், ஷட்டர் மட்டும் சுடவில்லை, லீவரும் நகரவில்லை என்றால் காரணம் அநேகமாக ஒன்றுதான். அடித்தட்டுக்குள் இருக்கும் 220 மைக்ரோஃபாரட் கண்டென்சர் செத்திருக்கும். ஷட்டரை விடுவிக்கும் மின்காந்தத்துக்கு ஒரே நொடியில் மின்சாரம் கொடுப்பது அது. அடித்தட்டைக் கழற்றினால் கண்ணில் படும். அதே மதிப்பில், 6.3 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்குகிற சின்னக் கண்டென்சரைப் பற்றவைக்கலாம். கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிவிடாதீர்கள். பழையதை எடுக்கும் முன் எந்த வயர் எந்தக் காலில் என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி வேண்டாத கேமரா சுடவில்லை என்றால், முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள். லென்ஸ் இல்லாமல் சுடுகிறது என்றால் குற்றவாளி லென்ஸ்தான். வெளிச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் அபர்ச்சர் தகடுகளில் எண்ணெய் ஏறி, அவற்றைத் தள்ளும் நெம்புகோல் நகர மறுக்கிறது.

அடுத்து செல்ஃப் டைமர். பழைய ஜெர்மன் ஷட்டர்களில் எம், எக்ஸ், வி என்று மூன்று எழுத்து இருக்கும். ‘வி’ என்பது டைமர். அது பாதியில் நின்றிருந்தால் மொத்த ஷட்டரும் நின்றுவிடும். நகத்தால் மெல்ல, அது ஓடும் திசையிலேயே, தட்டிக் கடைசி வரை கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு அந்த டைமரைத் தொடவே வேண்டாம். ஐம்பது வயதுக் கேமராவில் டைமரை ஓட்டிப் பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது.

வேகத் திருகைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். சோர்க்கி-4 போன்ற சோவியத் கேமராக்களில் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், முன்பே மாற்றினால் உள்ளே ஊசி தவறி நிற்கும். லென்ஸுக்குள் அமைந்த பழைய ஜெர்மன் காம்பூர் ஷட்டர்களில் நேர்மாறு. 1/500-ஐ ஷட்டரை ஏற்றும் முன்பே வைத்துவிட வேண்டும், ஏனென்றால் அந்த வேகத்துக்குத் தனியாக இன்னொரு ஸ்பிரிங் உண்டு. ஏற்றிய பிறகு அதைத் திருப்பும்போது கனமாக முட்டினால் நிறுத்துங்கள், அது கோளாறில்லை.

கண்ணாடி மேலேயே நிற்கிறது

லென்ஸ் வழியாகவே கண்ணாடி மூலம் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராக்களின் பெரிய தலைவலி இது. எலெக்ட்ரானிக் மாடல் என்றால் முதலில் மேலே உள்ள நிலைத் தேர்வுத் திருகைத் திருப்புங்கள். பென்டாக்ஸ் எம்இ சூப்பரில் 125எக்ஸ்-க்கு, ஒலிம்பஸ் ஓஎம்-10-இல் ‘பி’-க்கு (பட்டனை அழுத்தும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை). இரண்டும் பேட்டரி இல்லாமல் இயங்கும் நிலைகள். கண்ணாடி டப்பென்று விழுந்தால் பேட்டரியை மாற்றினால் போதும்.

மெக்கானிக்கல் கேமரா என்றால் லென்ஸைக் கழற்றி, விளக்கொளியில் கண்ணாடியின் மேல் விளிம்பைப் பாருங்கள். அங்கே கறுப்புத் தார் போல ஏதாவது பிசுபிசுத்தால் அது ஃபோம். கண்ணாடி மேலே போய் இடிக்கும் சத்தத்தையும் அதிர்வையும் தாங்க வைத்தது. அந்தக் காலத்து ஃபோம் ஈரத்தில் சிதைந்து பசையாகும். மரப் பல்குச்சியின் நுனியால் கண்ணாடியின் ஓரத்தை மெல்லக் கீழே நெம்புங்கள். ஒட்டிப் பிரிந்து வந்தால் காரணம் உறுதி.

சுத்தம் செய்வதற்கு முன், கண்ணாடிக்கு மேலே படம் விழும் தகடான ஃபோகஸிங் ஸ்கிரீனுக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை மடித்து வையுங்கள். அது பெரும்பாலும் பிளாஸ்டிக், கரைப்பான் ஒரு சொட்டு பட்டாலும் மங்கிவிடும். கண்ணாடியைத் துடைக்கவே துடைக்காதீர்கள். வெள்ளிப்பூச்சு முன்பக்கத்தில் இருக்கிறது, பஞ்சு பட்டாலும் கீறும். பல்குச்சியால் பெரிய பிசுக்கை வழித்தெடுங்கள். மீதியை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட பஞ்சுக் குச்சியால் எடுங்கள். குச்சியை நனைத்தபின் தாளில் ஒற்றி எடுப்பது அவசியம். சொட்டும் குச்சி உள்ளே போகக் கூடாது. புது ஃபோம் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்பில் போதும். தடிப்பு கூடினால் கண்ணாடி முழு உயரம் போகாது, அதுவே புதுச் சிக்கலாகும். பின்கதவின் காடிகளிலும் இதே பசை இருக்கும். அங்கே மெல்லிய ஃபோமுக்குப் பதில் கறுப்புக் கம்பளி நூலையே காடியில் பதிக்கலாம், நன்றாக நிற்கும்.

ஃபோம் நன்றாக இருந்தும் கண்ணாடி விழவில்லை என்றால் ஷட்டர் திரையைப் பாருங்கள். கே1000, ஸ்பாட்மேட்டிக் போன்ற துணித்திரைக் கேமராக்களில் இரண்டாவது திரை முழுத் தூரமும் ஓடி முடித்தால்தான் கண்ணாடியைப் பிடித்திருக்கும் கொக்கி விடுபடும். பின்கதவைத் திறந்தால் திரையின் உலோக விளிம்பு சட்டத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரியும். அந்த விளிம்பை, துணியை அல்ல, பல்குச்சியால் அது ஓடும் திசையில் ஒரு மயிரிழை தள்ளுங்கள். கண்ணாடி விழுந்துவிட்டால் நோய் தெரிந்துவிட்டது: உருளைகளின் அச்சில் எண்ணெய் இறுகி, திரை கடைசி மில்லிமீட்டரில் மூச்சுவாங்குகிறது.

அடித்தட்டைக் கழற்றுங்கள். திரை உருளைகளின் கீழ் முனைகள் அங்கே தெரியும். ஊசி நுனியில் லைட்டர் பெட்ரோல் எடுத்து ஒவ்வொரு முனையிலும் ஒரு சொட்டு மட்டும் விடுங்கள். முப்பது தடவை ஏற்றிச் சுடுங்கள். காய விட்டு மறுபடி செய்யுங்கள். திரைத் துணியில் பெட்ரோல் படக் கூடாது, அதன் ரப்பர் பூச்சு உரியும். சரளமாக ஓடத் தொடங்கியபின் கடிகார எண்ணெயை ஊசிமுனை அளவு வைத்தால் போதும்.

அங்கேயே ஸ்பிரிங் இறுக்கும் திருகுகளும் இருக்கும். இரண்டு பல் இறுக்கினால் கண்ணாடி உடனே சரியாகிவிடும், அதுதான் ஆபத்து. அழுக்கு அப்படியே இருக்க, திரையின் வேகம் மட்டும் மாறிப்போகும். 1/1000-இல் படத்தின் ஒரு பக்கம் இருண்டு வரும். சுத்தம் செய்து பலன் இல்லாதபோதுதான் அந்தத் திருகு.

கருவிகள்

ஜப்பானியக் கேமராவின் திருகுகள் பிளஸ் தலை போலத் தெரிந்தாலும் சாதாரண பிளஸ் திருப்புளி அவற்றின் தலையை வழித்துவிடும். ஜப்பானியத் தர அளவான ஜேஐஎஸ் திருப்புளி 000, 00, 0 மூன்று அளவும் வேண்டும். ஜெர்மன் கேமராக்களுக்கு ஒற்றைக் காடித் திருப்புளி. எழுத்து பொறித்த முன்வளையத்தைக் கழற்ற ரப்பர் அடைப்பான் ஒன்று. கேன்காயெரியில் (ஹார்டுவேர் கடையில்) சிங்க்குக்கு விற்கும் அடைப்பானே சரியாகப் பொருந்தும். லைட்டர் பெட்ரோல், ஃபார்மசியில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, பல்குச்சி, முட்டைத் தட்டு. கழற்றும் வரிசையிலேயே திருகுகளைத் தட்டின் குழிகளில் போடுங்கள், நீளம் ஒன்றுக்கொன்று மாறும்.

துரு விடுவிக்கும் ஸ்பிரேயை அறைக்கு வெளியே வையுங்கள். அது இன்று இலகுவாக்கும், ஒரு மாதத்தில் ஷட்டர் தகடுகளுக்கும் லென்ஸுக்கும் ஊர்ந்துபோய் எல்லாவற்றையும் ஒட்டவைக்கும்.

‘கிளிக்’ சத்தம் வருகிறது, ஷட்டர் திறக்கவில்லை

லென்ஸுக்குள் ஷட்டர் இருக்கும் கேமராக்களின் நோய் இது: கேனனெட், யாஷிகா-மேட், மடக்குக் கேமராக்கள். ‘பி’-யில் வைத்து, பின்கதவைத் திறந்து, விளக்கை நோக்கிப் பிடித்துச் சுடுங்கள். இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டும் தகடு அசையவில்லை என்றால் ஃபோகஸுக்காக லென்ஸை முன்பின் நகர்த்தும் மரையின் (ஹெலிகாய்ட்) கிரீஸில் எண்ணெய் பிரிந்து தகடுகளில் படிந்திருக்கிறது. வெயிலில் காருக்குள் விட்ட கேமராக்களில் இது சர்வசாதாரணம்.

ரப்பர் அடைப்பானால் முன்வளையத்தைக் கழற்றி, முன் லென்ஸை எடுங்கள். அது எத்தனை சுற்றில் கழன்றது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், ஃபோகஸ் அதைப் பொறுத்தது. தகடுகளின் மேல் இரண்டு சொட்டு லைட்டர் பெட்ரோல் விட்டு இருபது முறை சுடுங்கள். புதுக் குச்சியால் ஒற்றி எடுங்கள். குச்சி சுத்தமாக வரும் வரை இதையே செய்யுங்கள். பெட்ரோலைக் கொட்டினால் எண்ணெய் கரைந்து உள்லென்ஸுக்குப் போய் வட்டமாகப் படியும். மறுநாள் தகடு மறுபடி மந்தமானால் பயப்பட வேண்டாம், ஓரத்தில் ஒளிந்திருந்த எண்ணெய் திரும்பி வந்திருக்கிறது. இன்னொரு சுற்று. இந்தத் தகடுகளுக்கு எண்ணெய் ஒருபோதும் கிடையாது, உலர்ந்தே ஓட வேண்டும்.

வேகமான நிலைகள் சரியாக இருந்து 1/15-க்குக் கீழே மட்டும் தொங்கினால் தகட்டை விட்டுவிடுங்கள். குறைவேகத்தைத் தாமதப்படுத்தும் சின்னப் பல்சக்கரக் கூட்டம் அழுக்காகியிருக்கிறது. ஒரு நொடி வேகத்தில் சீராகச் சீறும் சத்தம் வர வேண்டும். நடுவில் நின்று திணறினால் அந்தக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு சொட்டு பெட்ரோல்.

லீவர் கனமில்லாமல் சுற்றுகிறது, எதுவும் ஏறவில்லை

அடித்தட்டின் ரீவைண்ட் பட்டன் உள்ளேயே மாட்டியிருக்கிறதா பாருங்கள். மாட்டியிருந்தால் ஓரத்தில் ஆல்கஹால் தொட்டு அழுக்கை இளக்கி, லீவரை இழுத்தபடி பட்டனைச் சுற்றித் தட்டுங்கள், வெளியே வரும். வெளியே வந்தபின்னும் லீவர் சும்மா சுற்றினால் உள்ளே பல்லோ கொக்கியோ போயிருக்கிறது. இது வீட்டு வேலை இல்லை. அதே மாடலில் உடைந்த இன்னொன்றை உதிரிக்காக வாங்குவதுதான் மலிவு.

அக்ஃபா கேமராக்களில் ஃபோகஸ் வளையம் கல்லாகியிருந்தால் அது பச்சை கிரீஸ். பெட்ரோல் அதைத் தொடாது. ஹேர் டிரையரில் சூடாக்கி, அசிட்டோனை மரைகளில் மட்டும் விட்டு ஊறவையுங்கள். பக்கத்தில் பெயின்ட்டும் பிளாஸ்டிக்கும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு அளவு

ஃபிலிம் போடும் முன் வேகத்தைப் போனிலேயே அளக்கலாம். நொடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோமோஷனில் வைத்து, பின்கதவு திறந்த கேமராவை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, பின்னாலிருந்து ஷட்டரைப் பதிவு செய்யுங்கள். வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணுங்கள். 1/4-க்கு 60, 1/15-க்கு 16, 1/30-க்கு 8 வர வேண்டும். இதைவிட வேகமானவற்றை இந்த முறையில் நம்ப முடியாது. 1/30-இல் 10 வந்தால் அப்படியே படம் எடுக்கலாம். 16 வந்தால் ஒரு ஸ்டாப் கூடுதல், அதாவது இரு மடங்கு வெளிச்சம்: கலர் நெகட்டிவ் தாங்கும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை மாறி மாறி வந்தால் உள்ளே இன்னும் அழுக்கு இருக்கிறது. அடித்தட்டை மாட்ட வேண்டாம், மறுபடி ஒரு சொட்டு.